பூல் போட்டி நடத்தப் போகிறீர்களா? முதலில் பரிசுக் காசைப் பேசி முடியுங்கள்

பூல் என்பது மேசையில் கியூ என்ற கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஆட்டம். அதில் கடைசியாக எட்டாம் பந்தை விழுத்தி வெல்லும் வகைதான் எயிட்போல். நாங்கள் முதன்முதலாக நடத்திய எயிட்போல் போட்டி யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடையின் மாடியில் நடந்தது. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. நோட்டீசில் முதற்பரிசு 30,000 ரூபா, இரண்டாம் பரிசு 15,000 ரூபா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். 32 பேர் வருவார்கள், ஆளுக்கு 2,000, மொத்தம் 64,000 என்பது எங்கள் மனக்கணக்கு. வந்தது 19 பேர். கைக்கு வந்தது 38,000. அதில் மேசை வாடகைக்கு 8,000 போனது, கிண்ணங்களுக்கு 4,500, சோடாவுக்கும் ரோல்ஸுக்கும் 3,200. அனுசரணையாக 20,000 தருவதாகச் சொன்னவர் "அடுத்த கிழமை போடுறன்" என்றார். மிஞ்சியது 22,300. வென்றவனுக்கு 15,000, இரண்டாவதாக வந்தவருக்கு 7,300 என்று உறையில் வைத்துக் கொடுத்தோம்.

வென்ற தம்பி உறையை அங்கேயே பிரித்தான். எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை, மூன்று ஐயாயிரம் ரூபாத் தாள். திரும்பவும் உறைக்குள் எட்டிப் பார்த்தான். "அண்ணை, மிச்சம்?"

எங்களில் யாரும் ஒரு சதம்கூட எடுக்கவில்லை. ஆனால் அன்றிரவு முடிவதற்குள் "காசை அடிச்சிட்டாங்கள்" என்ற கதை கொக்குவிலைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நாள் கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினோம். யாரும் திறந்து பார்க்கவில்லை. போட்டி முடிந்தபின் காட்டுகிற கணக்கு, எவ்வளவு சரியாக இருந்தாலும், சாட்டுச் சொல்வது போலத்தான் கேட்கும். அதனால் கீழே வருவதில் பெரும்பகுதி முதலாவது பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் அடி) அடிப்பதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை.

"இது அமெச்சூர் ஆட்டம்தானே, ஏன் இவ்வளவு கணக்கு?" என்று கேட்பார்கள். எம்.ஜே.எம். லஃபீர் 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். மேசைக்கு முன்னால் அமெச்சூர் என்றால் குறைச்சலான ஒன்றல்ல என்பதற்கு அவர் போதும். கொப்பிக்கும் அதேதான்.

முதலில் செலவைக் கணக்குப் பாருங்கள்

பரிசை யோசிப்பதற்கு முன் மேசைக்கு எவ்வளவு போகும் என்று பாருங்கள். ஒரு தோல்வியோடு வெளியேறும் போட்டியில் ஆட்டங்களின் எண்ணிக்கை எப்போதும் ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 20 பேர் என்றால் 19 ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெளியே போகிறார், கடைசியில் ஒருவர் மிஞ்சுகிறார், அவ்வளவுதான்.

எயிட்போலில் முதலில் மூன்று பிரேம் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) எடுப்பவர் வெற்றி என்று வைத்தால், எங்கள் வேகத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 40 நிமிடம் போகும். 19 ஆட்டத்துக்கு 760 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 13 மேசை மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 400 ரூபா என்று மேசைக்காரர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5,200 ரூபா. இதோடு கியூ நுனியில் பூசும் சோக், தண்ணீர்ப் போத்தல், ஆட்ட அட்டவணை எழுத மார்க்கர் பேனை. 6,000 ரூபாவுக்குள் முடித்துவிடலாம். 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 300.

மேசைக்காரரோடு இதை வாயால் பேசி விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கா, நாள் வாடகையா, கறண்ட் போனால் அந்த நேரமும் கணக்கில் சேருமா, மேசைத் துணி கிழிந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்த ஆள்தானே என்று எழுதாமல் விடுவதுதான் ஊர் வழக்கம். அந்தத் தெரிந்த ஆளோடு பிறகும் கதைக்க வேண்டுமே என்பதற்காகவே எழுதுங்கள்.

தொகை சொல்வதா, பங்கு சொல்வதா

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பரிசை இரண்டு விதமாக அறிவிக்கலாம். ஒன்று, "முதற்பரிசு 30,000" என்று தொகையாக. மற்றது, "சேரும் பரிசுக் காசில் பாதி" என்று பங்காக. தொகையாகச் சொன்னால் அது வாக்கு. எத்தனை பேர் வந்தாலும், வராவிட்டாலும், அந்தத் தொகை உங்கள் பொறுப்பு. 2024 இல் ஜித்தாவில் நடந்த உலக பூல் சாம்பியன்ஷிப்பில் மொத்தப் பரிசு 10 இலட்சம் டொலர், வென்ற ஃபெடோர் கோர்ஸ்டுக்கு 250,000 டொலர். அப்படி முன்கூட்டியே அறிவிப்பதற்குப் பின்னால் பெரிய முதல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பெரிய உதாரணம் இருக்கிறது. 2006 இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த எயிட்போல் போட்டியில் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் வென்றார். முதற்பரிசு 500,000 டொலர். ஆட்டம் முடிந்தது, கைதட்டல் முடிந்தது, காசு மட்டும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வீரர்களுக்குத் தவணை தவணையாகத்தான் கிடைத்தது. அந்த உயரத்திலேயே இப்படி என்றால், மாடியில் இரண்டு மேசை வைத்திருந்த நாங்கள் எந்த மூலைக்கு?

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் பங்காகச் சொல்லுங்கள். அதிலும் எளிய வழி, ஒரு ஆள் கட்டும் காசையே இரண்டாகப் பிரித்து நோட்டீசில் போடுவது:

"நுழைவுக் கட்டணம் 1,500 ரூபா. இதில் 1,200 பரிசுக்கு, 300 செலவுக்கு. பரிசுக் காசில் முதலாம் இடத்துக்குப் பாதி, இரண்டாம் இடத்துக்குக் கால், அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் அரைக்கால் அரைக்கால்."

இவ்வளவுதான். இனி எத்தனை பேர் வந்தாலும் வாக்கு மாறாது. 13 பேர் வந்தால் பரிசுக் காசு 15,600. முதலாமவருக்கு 7,800, அடுத்தவருக்கு 3,900, மற்ற இருவருக்கும் 1,950 வீதம். 20 பேர் வந்தால் 24,000: அதாவது 12,000, 6,000, 3,000, 3,000. சுவரில் எழுதியிருக்கும் பெயர்களை எண்ணி 1,200 ஆல் பெருக்கத் தெரிந்த எவரும் உங்கள் கணக்கைச் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும். கணக்காய்வாளர் என்று தனியாக ஒருவரைத் தேட வேண்டியதில்லை.

"தொகை போடாவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள்" என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்வார். எங்கள் குழுவிலும் சொன்னார். நோட்டீசில் "16 பேர் வந்தால் முதற்பரிசு 9,600, 24 பேர் வந்தால் 14,400" என்று இரண்டு உதாரணம் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்தவர்கள் தாங்களே இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவருவார்கள், ஆள் சேர்ந்தால் பரிசும் ஏறும் என்பதால்.

செலவுக்கான 300 போதாமல் போனால்? அது நடத்துபவர்களின் தலையில். பரிசுக்குரிய 1,200 இல் கை வைக்கக் கூடாது. இதையும் நோட்டீசிலேயே எழுதலாம், எழுதினால் உங்களுக்கே ஒரு பயம் இருக்கும்.

எத்தனை பேருக்குப் பரிசு

வென்றவருக்கே எல்லாம் என்று வைப்பது எனக்குப் பிடிக்காது. முதல் இரண்டு போட்டிக்கு விறுவிறுப்பாக இருக்கும். மூன்றாவது போட்டிக்கு, வெல்லக்கூடிய நான்கு பேர் மட்டும் வருவார்கள்.

16 பேர் வரை நான்கு இடத்துக்குக் கொடுத்தால் போதும். 32 பேர் வந்தால் காலிறுதிக்கு வந்த எட்டுப் பேருக்கும் ஏதாவது போக வேண்டும். நூற்றுக்கு 40, 20, அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 10 வீதம், காலிறுதியில் தோற்ற நால்வருக்கும் 5 வீதம். கூட்டினால் 100. 32 பேரின் பரிசுக் காசு 38,400. காலிறுதியில் தோற்றவருக்கு 1,920 கிடைக்கும். கட்டிய 1,500 திரும்பி வந்து, பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ போகப் பஸ் காசும் இருக்கும். 24 பேர் என்றால் எப்படி என்பதைப் பதிவு தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். "ஆள் கூடினால் பார்ப்பம்" என்பதுதான் சண்டையின் விதை.

அனுசரணைக் காசு

நம்மூரில் போட்டி என்றால் அமரர் ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம் இல்லாமல் நடக்காது. உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மென்பந்துக் கிரிக்கெட், எல்லாவற்றிலும் இதுதான். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் அப்பாவின் நினைவாகக் காசு அனுப்புவார். நல்ல வழக்கம். ஆனால் பரிசுக் காசில் குழப்பம் வருவதற்கு இதைவிட வசதியான வாசல் வேறு இல்லை.

"முந்நூறு டொலர் தாறன்" என்று ஒருவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். எந்த டொலர்? கனடாவில் இருப்பவர் கனடா டொலரைச் சொல்வார், இங்கே கேட்பவர் அமெரிக்க டொலர் விலையில் பெருக்கிப் பார்ப்பார். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம். பிறகு எந்த நாளின் விலை, அனுப்பும் கட்டணம் யார் தலையில் என்றெல்லாம் வரும். எங்கள் குழுவில் இப்போது ஒரே விதி: வங்கிக் கணக்கில் விழுந்த ரூபாதான் அனுசரணை. விழுவதற்கு முன் நோட்டீசில் ஏறாது. காசு பிறகு வந்தால் அடுத்த போட்டிக்கு. இதைச் சொல்லும்போது முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் நேர்மையாகத் தர நினைப்பவர் இதைக் கேட்டுக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்து, எதற்காகத் தருகிறார் என்று கேட்டு எழுதுங்கள். பரிசுக் காசோடு சேர்க்கவா, கிண்ணம் வாங்கவா, நோட்டீஸ் அடிக்கவா? ஒருவர் 15,000 தந்தார், அதில் 10,000 பரிசுக்கு, 5,000 கிண்ணத்துக்கு என்றார் என்றால் நோட்டீசில் அப்படியே போடுங்கள். "15,000 ரூபா அனுசரணை" என்று மட்டும் போட்டால் ஆடுபவர் அந்த 15,000 ஐயும் பரிசாகத்தான் எண்ணுவார். அவர் எண்ணுவதில் பிழையில்லை.

கிண்ணம் சுழற்கிண்ணமா, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பதும் இதே இடத்தில் எழுத வேண்டியது. மூன்று தரம் வென்றால் சொந்தம் என்று சிலர் வாயால் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். வென்றவர் மறக்கமாட்டார்.

காசு யாருடைய கையில்

ஆடுகிறவர் காசு வைத்திருக்கக் கூடாது. சின்னக் குழுவில் நடத்துபவரும் ஆடுவார், அது தவிர்க்க முடியாதது. அப்படியென்றால் ஆடாத ஒருவரிடம் காசையும் கொப்பியையும் கொடுங்கள். எங்களுக்கு மேசைக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கிடைத்தார். பூல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "யார் தம்பி வெண்டது?" என்று மட்டும் கேட்பார். அதுதான் அவரிடம் கொடுத்ததற்குக் காரணம்.

தேவையானது ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம். கார்பன் தாள் வைத்து எழுதும், எண் அடித்த சாதாரணப் புத்தகம், எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். காசு கட்டியவருக்கு மேல் தாள், புத்தகத்தில் பிரதி. எண் இடையில் விடுபடக் கூடாது. பிழையாக எழுதினால் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு அப்படியே விடுங்கள். வங்கி மூலம் அனுப்புபவருக்கும் சீட்டு எழுதுங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் நம்பி எழுத வேண்டாம், கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

அப்புறம் சுவர்ப்பலகை. பதியும் ஒவ்வொருவரின் பெயரும், பக்கத்தில் பற்றுச்சீட்டு எண்ணும் அதில் ஏற வேண்டும். வட்ஸ்அப் குழுவில் அதன் படத்தை ஒவ்வோர் இரவும் போடலாம். மேலே சொன்ன பெருக்கல் கணக்கு வேலை செய்வதற்கு இந்தப் பலகை உண்மையாக இருக்க வேண்டும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் களவு இல்லை, தாட்சண்யம். "அவன் நம்மட பெடியன், காசு வேண்டாம்" என்று ஒருவரைச் சும்மா சேர்த்துவிடுவது. பலகையில் 20 பெயர், பெட்டியில் 19 பேரின் காசு. 1,200 எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒருவரை இலவசமாக ஆட விடுவது உங்கள் விருப்பம், அந்த 1,200 ஐ உங்கள் பொக்கெட்டிலிருந்து போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காசு கட்டிவிட்டு வராதவரின் காசு? பரிசிலேயே இருக்கும், திருப்பிக் கொடுப்பதில்லை என்பது எங்கள் விதி. போட்டிக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு முன் சொன்னால் மட்டும் திருப்பிக் கொடுப்போம். உங்கள் விதி வேறாக இருக்கலாம், ஆனால் விதி ஒன்று இருக்கட்டும்.

போட்டி நாள் காலை

சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று எடுத்த பிறகு புதிதாக ஆள் சேர்க்காதீர்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் படியேறி வந்தாலும் சரி.

குலுக்கல் முடிந்ததும், எல்லாரும் நிற்கும்போதே, பலகையில் மூன்று வரி எழுதுங்கள். ஆட்கள் எத்தனை, பரிசுக் காசு மொத்தம் எவ்வளவு, எந்த இடத்துக்கு எவ்வளவு. பங்குக் கணக்கு இப்போது தொகையாகிவிட்டது. "யாருக்கும் கேள்வி இருக்கோ?" என்று சத்தமாகக் கேளுங்கள். ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் கேளுங்கள். கேட்ட பிறகு அந்த மூன்று வரியை அழிக்காமல் போட்டி முடியும்வரை வைத்திருங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பார்க்க வந்தவர்கள் பந்தயம் பிடிப்பது தனிக் கதை. நுழைவுக் கட்டணத்திலிருந்து பரிசு கொடுப்பதும், மேசையோரத்தில் நின்று "இவனுக்கு ஆயிரம்" என்று கட்டுவதும் ஒன்றல்ல. சூதாட்டத்துக்கு எதிரான கட்டளைச் சட்டம் இலங்கையில் 1889 இலேயே வந்தது. அறைக்குள் பந்தயம் இல்லை என்று எழுதி ஒட்டுங்கள், பிடித்தவரை வெளியே அனுப்புங்கள். சட்டத்தை விடுங்கள், பந்தயம் நடக்கும் அறையில் ஒருவர் இலகுவான எட்டாம் பந்தைத் தவறவிட்டால் பிறகு அது தவறியதா, தவறவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உறை கொடுக்கும்போது

அன்றைக்கே கொடுங்கள். அடுத்த நாள் என்பது இல்லை. உறையின் மேல் இடமும் தொகையும் எழுதியிருக்கட்டும். வாங்குபவர் எல்லாருக்கும் முன்னால் எண்ணட்டும், கொப்பியில் தன் பெயர், தொகை, திகதி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எண்ணுவது மரியாதைக் குறைவு என்று சிலர் எண்ணாமல் பொக்கெட்டில் வைப்பார்கள். "எண்ணிப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ" என்று நீங்களே சொல்லுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை வென்றால் பெற்றோரின் கையில் கொடுப்பது நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் பத்தாயிரம் கொடுத்துவிட்டு அடுத்த நாள் வீட்டாருக்கு நியாயம் சொல்வதைவிட இது சுகம்.

இறுதி ஆட்டக்காரர் இருவரும் தங்களுக்குள் காசைச் சரிபாதியாகப் பிரிப்போம் என்று பேசிக்கொள்வதுண்டு. நேரம் போய்விட்டது, கடைசிப் பஸ்ஸையும் பிடிக்க வேண்டும் என்பார்கள். பிரிப்பது அவர்களின் காசு, தடுக்க முடியாது. ஆனால் உறைகளை அறிவித்த தொகைக்கே கொடுங்கள், ஆட்டத்தையும் ஆட வையுங்கள். வெளியே போய் அவர்கள் எப்படிப் பிரித்தாலும் உங்கள் கொப்பியில் 12,000 உம் 6,000 உம்தான் இருக்க வேண்டும்.

பிறகு கணக்கு. இரண்டு நாளுக்குள் ஒரே ஒரு பக்கத்தில் எழுதிப் படம் எடுத்துப் போடுங்கள். மாதிரிக்கு ஒன்று:

வரவு: நுழைவுக் கட்டணம் 20 பேர் × 1,500 = 30,000. அனுசரணை 15,000 (பரிசுக்கு 10,000, கிண்ணத்துக்கு 5,000). மொத்தம் 45,000.
செலவு: பரிசுகள் 17,000 + 8,500 + 4,250 + 4,250 = 34,000. மேசை 5,200. கிண்ணம் 4,600. சோக், தண்ணீர், மார்க்கர் 950. மொத்தம் 44,750.
மீதி: 250. அடுத்த போட்டிக்கு.

அந்த 250 ரூபாவை எழுதாமல் விடாதீர்கள். சின்னத் தொகைதான், ஆனால் எழுதியிருந்தால் மற்ற வரிகளையும் ஆட்கள் நம்புவார்கள்.

எங்கள் முதல் போட்டிக் கதையின் மிச்சம் இது: அந்த 20,000 இரண்டு மாதம் கழித்து வந்தது. முதலாமவருக்கு 15,000, இரண்டாமவருக்கு 7,700 கொடுக்க வேண்டியிருந்தது. ஆக 22,700. குறைந்த 2,700 ஐ நாங்கள் மூன்று பேரும் 900 வீதம் போட்டோம்.

கிழமைக்குக் கிழமை ஆடும் லீக்

ஒரு நாள் போட்டியில் காசு காலையில் வந்து இரவில் போய்விடும். லீக்கில் அது மாதக்கணக்கில் யாரோ ஒருவரிடம் கிடக்கும். சீட்டுப் பிடித்த குடும்பங்களுக்கு இந்த வயிற்றுக்கலக்கம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆறு அணி, ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடும் இரண்டு தரம் ஆடினால் பத்துக் கிழமை. அணிக்குக் கிழமைக்கு 1,000, அதில் 600 பரிசுக்கு, 400 மேசைக்கு என்று வையுங்கள். கடைசியில் பரிசுக் காசு 36,000. இதை வீட்டில் வைக்கக் கூடாது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் வங்கிக் கணக்கு ஒன்று திறவுங்கள். இரண்டு பேரும் வெவ்வேறு அணியாக இருக்கட்டும். ஒவ்வொரு கிழமையும் புள்ளி அட்டவணை போடும்போது அதன் கீழே ஒரு வரி: "இதுவரை பரிசுக் காசு 14,400." நான்காம் கிழமை முடிய 14,400 தான் இருக்க வேண்டும். 13,800 என்று வந்தால் ஓர் அணி கட்டவில்லை என்று அன்றைக்கே தெரியும், பத்தாம் கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை.

இடையில் விலகும் அணி கட்டிய காசு திரும்பாது, கட்டாத கிழமைகளுக்கான காசு பரிசில் சேராது. இதைத் தொடங்கும் நாளிலேயே ஆறு அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

ஹாண்டிகாப், அதாவது திறமைக்கு ஏற்ப வெற்றி இலக்கைக் கூட்டிக் குறைப்பது, வைப்பவர்களுக்கு இன்னொன்று. டெரி பெல், லரி ஹபார்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் தொடங்கிய அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் எயிட்போலில் ஆட்டக்காரரை 2 முதல் 7 வரை தரம் பிரிக்கிறது. தரம் குறைந்தவர் வெல்ல எடுக்க வேண்டிய ஆட்டங்களும் குறைவு. புதியவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் பரிசுக் காசு இருக்கும் இடத்தில் வேண்டுமென்றே மோசமாக ஆடித் தரத்தைக் குறைத்து வைத்திருக்கும் ஆட்களும் வருவார்கள். ஆகவே யாருக்கு என்ன தரம், ஏன் மாறியது என்பதையும் காசுக் கணக்கைப் போலவே பலகையில் போடுங்கள். உண்மையில் அதுவும் காசுக் கணக்குத்தான்.

காசு கட்டி ஆடப் போகிறவருக்கு

இவ்வளவும் நடத்துபவருக்கு. நீங்கள் ஆட மட்டும் போகிறீர்கள் என்றால், 1,500 ஐ நீட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். என்னுடைய காசில் எவ்வளவு பரிசுக்குப் போகும்? எத்தனை இடத்துக்குப் பரிசு? அனுசரணைக் காசு கைக்கு வந்துவிட்டதா? பற்றுச்சீட்டு உண்டா?

கேட்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, எனக்குத் தெரியும். நடத்துபவர் உங்கள் மச்சானின் கூட்டாளியாக இருப்பார், அல்லது உங்களுக்குப் படிப்பித்தவரின் மகனாக இருப்பார். "என்ன, எங்களில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டுவிடுவார் என்ற பயம். அதனால் சுற்றி வளைத்துக் கேளுங்கள். "அண்ணை, எத்தனை பேர் பதிஞ்சிருக்கினம்? அப்ப முதற்பரிசு எவ்வளவு வரும்?" என்று ஆசையாகக் கேட்பது போலக் கேட்டாலே பாதி விடை வந்துவிடும். பங்கு தீர்மானித்து வைத்திருப்பவர் உடனே தொகை சொல்வார், பலகையைக் காட்டுவார். "அது பிறகு பார்ப்பம் தம்பி" என்று பதில் வந்தால் கியூவைப் பைக்குள் வையுங்கள். அன்றைக்கு ஒரு தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு ஓரமாக இருந்து ஆட்டத்தைப் பார்க்கலாம், அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.